சிறிய வழக்கில் 77ஆம் பிரிவைத் தொடாதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு சிஸோஃப்ரீனியா, அங்கொடை மனநல வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டிவந்தோம். மாத்திரையை விட்டபின், பக்கத்துக் கடைக்காரரைத் தள்ளிவிட்டு ஷோகேஸ் கண்ணாடியையும் உடைத்துவிட்டான். அவருக்குக் கையில் சிறு காயம். தம்பி விளக்கமறியலில். வருத்தக்காரப் பிள்ளை என்று கெஞ்சியும் பொலிஸ் கேட்கவில்லை. வாக்குமூலத்தையும் சிங்களத்திலேயே எழுதினார்கள். கடைக்காரருக்கு எங்களோடு பழைய பகை. புத்தி சுவாதீனம் இல்லாமல் செய்தான் என்று சொல்லி விடுவிக்க முடியாதா?

பதில்: பகை, பொலிஸ், வாக்குமூலம் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: இன்று தம்பிக்கு வழக்கு விளங்குமா? விளங்காவிட்டால், அவரை வைத்தியரிடம் காட்டி அறிக்கை பெறும்படி உங்கள் சட்டத்தரணி நீதவானிடம் கேட்கவேண்டும். அறிக்கை அப்படியே சொன்னால் விசாரணை ஒத்திவைக்கப்படும். மனநோயாளிகளுக்கென்று தனி நீதிமன்றம் நம்மிடம் இல்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் இந்த அறிக்கையை நாமாகக் கேட்டால்தான் உண்டு.

நீங்கள் கேட்பது வேறு. சம்பவ நேரத்தில் புத்தி சுவாதீனம் இல்லை என்ற வாதம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவில் வருவது. அதை நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம். நோய் இருந்தது என்று கிளினிக் கொப்பியைக் காட்டினால் போதாது. செய்வது இன்னதென்றோ, அது பிழையென்றோ அறியமுடியாத நிலையில் இருந்தார் என்று காட்டவேண்டும்.

அதில் வென்றாலும் தம்பி வீட்டுக்கு வரமாட்டார். குடும்பங்கள் விழும் குழி இதுதான். செயலைச் செய்தவர் இவரே, ஆனால் சுவாதீனம் இல்லை என்று தீர்ப்பானால், நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பில் வைக்கக் கட்டளையிட்டு அமைச்சருக்கு அறிக்கை அனுப்பும். தண்டனைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு, இந்தத் தடுத்துவைப்புக்கு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டப்பணம் கட்டிவிட்டுப் போயிருக்கக்கூடிய வழக்கில், சுகமானவர்கூட வெளியே வரமுடியாமல் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அது அநியாயம். கொலை வழக்கென்றால் 77ஐ எடுக்கத்தான் வேண்டும். உடைந்த கண்ணாடிக்கு வேண்டாம்.

அதற்காக, "ஓம் என்று சொல்லி முடித்துவிடு" என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். விளங்காமல் சொன்ன ஓமும் குற்றத் தீர்ப்பாகப் பதிவாகும்.

சமாதானமாகப் போங்கள். பொலிஸ் போட்டது சாதாரண காயமும் உடைமைச் சேதமும் மட்டும் என்றால், கடைக்காரர் சம்மதித்தால் வழக்கை இணக்கமாக முடிக்கலாம்; அது விடுதலைக்குச் சமம். கண்ணாடிக் காசையும் மருந்துச் செலவையும் பேரம் பேசாமல் கொடுங்கள். பகையுள்ளவரிடம் நீங்கள் நேரே போகவேண்டாம், அவர் மதிக்கும் ஒருவரை அனுப்புங்கள். மறுத்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இருக்கிறது: குற்றச்சாட்டு நிரூபணமானாலும், மனநிலையைக் கருத்தில்கொண்டு, குற்றத் தீர்ப்புக்குப் போகாமல் நிபந்தனையோடு விடுவிக்க நீதவானால் முடியும்.

பிணைக்குக் கையெழுத்து வைப்பவர் தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவராக, மாத்திரை கொடுக்கக்கூடியவராக இருக்கட்டும். வேறு இடத்தில் இருக்கும் உறவினர் வேண்டாம். சிறைக்குள்ளும் மாத்திரை தடைப்படக்கூடாது; கிளினிக் கொப்பியின் பிரதியை இன்றே சிறைச்சாலை வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள்.