தவணை தவறிய வீடு: ஏலத்துக்கு முன் என்ன வழி?

(அமெரிக்காவில் வீட்டுக் கடனில் திணறும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்)

போன வாரம் வேலை போய்விட்டது. எச்-1பி (வேலை) விசாவில் இருக்கிறேன். அடுத்த தவணைக்கே பணம் இல்லை. வீட்டை எப்போது எடுத்துக்கொள்வார்கள்?

வீட்டுக்கு முன்னால் விசா முந்திக்கொள்ளும். பொதுவாக, கடன் 120 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால்தான் சர்வீசர் (உங்கள் கடன் தவணைகளை வசூலித்து நிர்வகிக்கும் நிறுவனம்) ஃபோர்க்ளோஷரை, அதாவது கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கையை, தொடங்கவே முடியும். வேலை போனபின் விசாவுக்கான அவகாசமோ அதிகபட்சம் 60 நாள். இன்றே சர்வீசரை அழைத்து ஃபோர்பேரன்ஸ் கேளுங்கள். சில மாதங்களுக்குத் தவணையை நிறுத்துவார்கள் அல்லது குறைப்பார்கள். இது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்புதான். நிலுவையைப் பிறகு ஒரே தொகையாகக் கட்ட வேண்டுமா, கடனின் கடைசியில் சேர்ப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் கிளம்புமுன் விற்றுவிடுவது நல்லது. வரிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராகிவிட்ட பின் விற்றால், விலையில் 15 சதவீதம் வரை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டிவரலாம்.

லோன் மாடிஃபிகேஷனுக்கு (கடன் நிபந்தனைகளை மாற்றித் தருவதற்கு) மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் 'முழுமையாக இல்லை' என்கிறார்கள்.

எனக்கு அதிகம் வரும் புலம்பல் இதுதான். ஒருவர் ஆறு பக்க வங்கி அறிக்கையில் ஐந்தை அனுப்பியிருந்தார். ஆறாவது வெற்றுப் பக்கம், எதற்கு என்று விட்டுவிட்டார். அதற்கே திரும்பி வந்தது! வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கையெழுத்து, தேதி எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

'முழுமை' என்ற சொல்லில்தான் உங்கள் பாதுகாப்பே இருக்கிறது. ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பம் சேர்ந்துவிட்டால், முடிவு சொல்லும்வரை சர்வீசர் ஏலம் நடத்தக் கூடாது. 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே 'முழுமையாகக் கிடைத்தது' என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏலத்துக்கு 90 நாள் இருக்கும்போதே கொடுத்திருந்தால், மறுக்கப்பட்டாலும் மேல்முறையீட்டுக்கு 14 நாள் உண்டு.

வீட்டின் விலை கடனைவிடக் குறைவு. சாவியைக் கடன் கொடுத்தவரிடமே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், அதற்கு 'டீட் இன் லியூ' என்று பெயர். ஆனால் வீட்டின் மேல் இரண்டாவது கடன் இருந்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடு குறைந்த விலைக்கு விற்பது ஷார்ட் சேல். இரண்டிலும் 'மீதிக் கடனைக் கேட்க மாட்டோம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வீடும் போய், கடனும் துரத்தும். தள்ளுபடியான தொகைக்கு 1099-சி படிவம் (கடன் தள்ளுபடியைத் தெரிவிக்கும் வரிப் படிவம்) வந்தால், அந்தத் தொகையை வரித்துறை உங்கள் வருமானமாகக் கணக்கிடக்கூடும். அந்தச் சமயத்தில் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

3,000 டாலர் கொடுத்தால் ஃபோர்க்ளோஷரை நிறுத்தித் தருகிறோம், சர்வீசரோடு பேசாதீர்கள் என்கிறது ஒரு நிறுவனம்.

ஒரு காசு கொடுக்காதீர்கள். வழக்கறிஞர்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி இதற்கு முன்பணம் கேட்பதே சட்டவிரோதம். மத்திய வீட்டுவசதித் துறை (ஹட்) அங்கீகரித்த ஆலோசகர்கள் இதே வேலையை இலவசமாகச் செய்கிறார்கள்.

கணவர் சர்வீசர் கடிதங்களைப் பிரிக்காமலே டிராயரில் போட்டுவைத்திருந்தார். ஏலத்துக்கு 20 நாள்தான். விற்றால் கடன் போக ஒரு லட்சம் டாலராவது தேறும்.

அவரைத் திட்டப் பிறகு நேரம் கிடைக்கும், அம்மா. 37 நாள் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் ஏலத்துக்கு முன் சாப்டர் 13 திவால் மனு போட்டால், பெரும்பாலும் ஏலம் அங்கேயே நிற்கும். நிலுவையை 3 முதல் 5 ஆண்டுகளில் கட்டலாம். அதற்கு நிலையான வருமானம் வேண்டும்.

இவ்வளவு தேறும் வீட்டை ஏலத்துக்கு விடாமல், நானாக இருந்தால் விற்பேன். வாங்குபவரின் ஒப்பந்தத்தைக் காட்டி ஏலத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். ஒப்புக்கொள்வது சர்வீசர் விருப்பம். ஆகவே நாளைக் காலையே ஒரு திவால் வழக்கறிஞரையும் பாருங்கள். உறைகளை அப்படியே எடுத்துப் போங்கள், அங்கே பிரித்துக்கொள்ளலாம்.