பயாப்சி ரிப்போர்ட்டில் புரதம், பருப்பை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனில் கட்டியை முழுக்க எடுத்துவிட்டதாகச் சொன்ன டாக்டர், ரேடியேஷனும் மாத்திரையும் கட்டாயம் என்கிறார். ரிப்போர்ட்டில் ‘ஜி.எஃப்.ஏ.பி. புரதம் பாசிட்டிவ்’ என்றிருக்கிறது. புரதம்தான் கட்டியை வளர்க்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரியா?

பதில்: சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், இன்று இரவே அப்பாவுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

ரிப்போர்ட்டில் இருப்பது சாப்பாட்டுப் புரதம் அல்ல. ஜி.எஃப்.ஏ.பி. என்பது மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்லுக்கு உள்ளிருந்து உருவம் தரும் நார். உங்கள் மூளையிலும் என் மூளையிலும் அது உண்டு. கட்டி மூளையிலேயே முளைத்ததா, நுரையீரல் போன்ற இடத்திலிருந்து பரவி வந்ததா என்று அறியத்தான் பேத்தாலஜிஸ்ட் அதற்குச் சாயமேற்றிப் பார்க்கிறார். வம்சம் தெரியும், வேகம் தெரியாது. வேகத்துக்கு அதே தாளில் கேஐ-67 என்று, பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதம் இருக்கும். டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

முழுக்க எடுத்த பிறகும் ரேடியேஷன் எதற்கு? இந்தக் கட்டியின் செல்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆக்டின் என்ற நார் செல்லின் முன்பக்கத்தை நீட்டும். மயோசின் என்ற இன்னொரு புரதம் பின்பக்கத்தைச் சுருக்கித் தள்ளும். மூளையில் செல்களுக்கு நடுவே உள்ள சந்து ஒரு மைக்ரான்கூட இருக்காது. செல்லின் உட்கருவோ பத்து மைக்ரான் அளவு. சின்ன வளையலுக்குள் கையை நுழைக்கும்போது விரல்கள் சுலபமாகப் போய்விடும், கட்டைவிரல் முட்டியில் சிக்கும் அல்லவா? இங்கே சிக்குவது உட்கரு. அதை நசுக்கி உள்ளே தள்ளுவது மயோசின். இப்படி நழுவிப்போன தனிச் செல்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. 1928இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார். அப்போதும் நோய் திரும்பியது.

அப்படியென்றால் மயோசினை அடக்கிவிட்டால் போதாதா? எனக்கும் அந்த ஆசை இருந்தது. எலிகளில் மயோசின் 2ஏ என்ற வகையை நீக்கிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. செல்கள் பரவுவது குறைந்தது. ஆனால் கட்டி முன்பைவிட வேகமாக வளர்ந்தது! நடையைத் தடுத்தால் பெருக ஆரம்பிக்கிற செல்லை என்ன செய்வது? அதனால் இதை நம்பி ஒரு மருந்தை இன்று எழுதிக்கொடுக்க முடியாது.

ஆகவே டாக்டர் சொன்னதே வழி. வழக்கமாக ஆறு வாரத்தில் 30 தவணை, மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு) ரேடியேஷன். கூடவே தினமும் டெமோசோலோமைட் என்ற கீமோ மாத்திரை. ஆபரேஷன் செய்த குழியைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் சேர்த்தே கதிர் வைப்பார்கள், பெரும்பாலும் நோய் திரும்புவது அந்த ஓரத்தில்தான்.

மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருப்பார்கள். அது தொடைத் தசையைக் கரைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். இந்த நேரத்தில் பருப்பை நிறுத்துவது எரிகிற வீட்டில் கூரையைப் பிடுங்குவது போல. அப்பா நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறாரா என்று பாருங்கள். ஊன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.