நாய்க்கு வயிறு சரியில்லையா? ஈறையும் மலத்தையும் பாருங்கள்

டாக்டருக்குப் போன் போடுமுன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். முதலில் மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். அடுத்தது மலம். முக்கி முக்கி, சளியோடு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனால் கோளாறு பெரும்பாலும் பெருங்குடலில். தண்ணீராக ஒரேயடியாக நிறையப் போனால் சிறுகுடலில். தார் போலக் கறுத்திருந்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. (முந்தின நாள் ரத்தப் பொரியலோ ஈரலோ தின்ற நாய்க்கும் மலம் கறுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.)

3 மாத ராஜபாளையம் குட்டி. நேற்றிலிருந்து வாந்தி, இன்று ரத்தக் கழிச்சல், வாடை தாங்க முடியவில்லை. மெடிக்கலில் கழிச்சல் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகர், மேலூர்

வேண்டாம். இதைப் படித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். இந்த வயதில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பார்வோ. இந்த வைரஸ் குடலின் உள்சுவரைச் சிதைக்கிறது, கூடவே வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. குட்டியின் உயிரை எடுப்பது நீரிழப்பும், சிதைந்த குடல் வழியாக ரத்தத்தில் கலக்கும் பாக்டீரியாவும்தான். குடல் அசைவை நிறுத்தும் கழிச்சல் மாத்திரை கொடுத்தால் அந்தப் பாக்டீரியாவின் நஞ்சு உள்ளேயே தங்கும். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழி ஓ.ஆர்.எஸ். நிற்காது, நரம்பில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். பல நாள் இழுக்கும், ஆனால் சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கிற குட்டிகள் நிறைய.

கிளினிக்கில் குட்டியைத் தரையில் விடாதீர்கள், மற்றக் குட்டிகளுக்குத் தொற்றும். வீட்டில் மலத்தை வழித்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, 1 பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். ஃபினாயிலை நம்ப வேண்டாம். மண் தரையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

“ஒரு ஊசி போட்டாச்சே” என்று பலர் கேட்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை போடுகிறோம். கடைசி ஊசியை விட்டால் முன்னால் போட்டதெல்லாம் வீணாகலாம்.

4 வயது லேப்ரடார். விடிகாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி. பிறகு நன்றாக விளையாடுகிறது. மதியம் ஒருவேளைதான் சோறு.
— வாசகி, அண்ணா நகர்

காலி வயிற்றில் பித்தம் மேலே ஏறி வருகிறது. அதே அளவு சோற்றைக் காலை, மாலை என்று பிரித்து, படுக்கப்போகும் முன் ஒரு கைப்பிடி கொடுங்கள். ஒரு வாரத்தில் நிற்கவில்லை அல்லது எடை குறைகிறது என்றால் காட்டுங்கள்.

ஆசனவாயில் அரிசி போல ஒட்டியிருக்கிறது. பூச்சி மருந்து போன மாதம்தான் கொடுத்தோம்.
— வாசகர், உசிலம்பட்டி

அது நாடாப்புழுவின் துண்டு. நீங்கள் கொடுத்த மருந்தில் பிராசிகுவாண்டல் இருந்ததா என்று அட்டையைப் பாருங்கள், பைராண்டல் மட்டும் என்றால் நாடாப்புழு சாகாது. இருந்தும் திரும்ப வந்தால் காரணம் தெள்ளுப்பூச்சி. நாய் உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கும், அதற்குள் இருக்கும் புழுவும் உள்ளே போகும். தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பூச்சி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பாருங்கள். குட்டிகளுக்கு 2, 4, 6, 8 வாரத்தில், பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் நுழையும், ஆகவே தேதி தவறாதீர்கள்.

சிப்பிப்பாறை. சாப்பிட்டுவிட்டு ஓடிய பிறகு வயிறு உப்பி, ஓங்கரிக்கிறது, எதுவும் வரவில்லை. ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

எதையும் ஊற்றாதீர்கள். இது வெறும் வாயுத் தொல்லை இல்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றில் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முறுக்கினால் இரைப்பைக்கு ரத்தம் நின்றுபோகும். விலா முடியும் இடத்தில் தட்டினால் பறை போலச் சத்தம், ஓங்கரிப்பு வந்தும் வாந்தி வராமை, எச்சில் வடிதல், படுக்க முடியாமல் அலைதல் ஆகியவையே அடையாளம். சில மணி நேரமே அவகாசம். அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடமா என்று போனில் கேட்டுக்கொண்டே வண்டியை எடுங்கள்.

இனி ஒருவேளை முழுவயிறு வேண்டாம், இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். தின்ற பிறகு 2 மணி நேரம் ஓட விடக்கூடாது.

கிடா வெட்டு முடிந்து எலும்பும் கொழுப்பும் போட்டோம். இப்போது சுண்ணாம்பு போல வெள்ளை மலம், முக்குகிறது.
— வாசகி, செக்கானூரணி

வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும். பொடியானது குடலில் இறுகி வெள்ளையாக வெளிவரும். தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள், வேகவைத்த மஞ்சள் பூசணி ஒன்றிரண்டு ஸ்பூன் சோற்றில் பிசையுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு நாளில் இறங்கவில்லை, அல்லது வாந்தி தொடங்கியது என்றால் எக்ஸ்ரே தேவை.

கொழுப்பு தின்ற நாய் முன்கால்களை மடித்துத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் கணையம் வீங்கியிருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, பார்சல் கட்டிய நூல். குழம்பு வாசத்துக்காக நாய் நூலையும் விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கியிருக்கலாம், மறுமுனை ஆசனவாயில் தொங்கலாம். எந்த முனையையும் இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும்.

கழிச்சல் லேசாகத்தான். சாம்பார் சாதம் கொடுக்கிறோம், பால் கொடுக்கிறோம். வேறு என்ன கொடுக்கலாம்?
— வாசகர், திருப்பரங்குன்றம்

இரண்டையும் நிறுத்துங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குச் செரிக்காது. சாம்பாரின் வெங்காயம் கழிச்சலைவிடக் கெட்டது. 1 கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும். தினமும் கொஞ்சம் என்றாலும் சேர்ந்து கெடுக்கும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் அப்படியே.

குழைய வடித்த சோறு 2 பங்கு, தோலும் எலும்பும் நீக்கி உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி 1 பங்கு. ஒரு நாளைக்கு 4 தடவை, சிறிது சிறிதாக. மலம் இறுகிய பிறகு பழைய சாப்பாட்டை 5–7 நாளில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகள் கூடவே கூடாது. நாய் சோர்ந்தாலோ, தண்ணீரும் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, 2 நாள் தாண்டினாலோ இந்தப் பத்தியச் சோற்றோடு காத்திருக்காதீர்கள்.