ப்ரீமியர் ப்ரோ ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போனால் மீட்க முடியுமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தால் சேதமடைந்திருப்பதாகச் சொல்கிறது. மீட்க வழி உண்டா? இனி வராமல் தடுப்பது எப்படி?

பதில்: முதலில் அந்த ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். அதையும், பக்கத்திலேயே இருக்கும் ஆட்டோ சேவ் ஃபோல்டரையும் (ப்ரீமியர் அவ்வப்போது தானாகச் சேமிக்கும் பிரதிகள் இருக்கும் இடம்) அப்படியே வேறு டிரைவுக்குக் காப்பி செய்துவிடுங்கள். ஆட்டோ சேவ் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வைத்துக்கொள்ளாது. புதியது சேரச் சேரப் பழையது அழியும். பதற்றத்தில் அதே பெயரில் வேலையைத் தொடர்ந்தால் நல்ல பிரதியை நீங்களே வெளியே தள்ளிவிடுவீர்கள்.

கிருஷ்ணகிரியில் எனக்கும் இதே பிழைப்புதான். போன வைகாசியில் காவேரிப்பட்டணத்துக் கல்யாணம் ஒன்று, மூன்று கேமரா. சாயங்காலம் காற்றும் மழையும் வந்து கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை 'கீ' என்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. பேட்டரி செத்து எத்தனை மாதமோ! கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, அளவும் 38 எம்பி என்று ஒழுங்காகக் காட்டுகிறது, திறக்கத்தான் இல்லை. பெண்ணின் அப்பா வேறு, "தம்பி, கேசட் எப்ப ரெடியாகும்?" என்று போன். (பென் டிரைவில் கொடுத்தாலும் எங்கள் பக்கம் அது கேசட்தான்.)

ப்ராஜெக்ட் ஃபைல் மொய் நோட்டு மாதிரி. பணம் பெட்டியில் இருக்கும், யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது மட்டும் நோட்டில் இருக்கும். உங்கள் கிளிப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எதை எங்கே வெட்டி எங்கே ஒட்டினோம் என்ற கணக்குதான் சிக்கலில் இருக்கிறது.

அந்தக் கணக்கு வெறும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதும் ஒரு முறை) எழுத்துதான், ஜிஜிப் என்ற முறையில் சுருக்கப்பட்டது. ஆகவே காப்பியை, சுருக்கிய ஃபைல்களை விரிக்கும் 7-ஜிப் சாஃப்ட்வேரில் திறந்து பாருங்கள். உள்ளே எழுத்து வந்தால் நம்பிக்கை உண்டு. காலி ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, கெட்டதை அதற்குள் இம்போர்ட் செய்து, சீக்வென்ஸ்களை (வெட்டி ஒட்டி வரிசைப்படுத்திய டைம்லைன்களை) ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் மற்றவை தப்பிக்கும்.

என்னுடையதை 7-ஜிப் திறக்கவே இல்லை. ஃபைலின் உள்ளே இருப்பதை எண்களாகவே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை 00 00 00. டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை, ஃபைலின் பெயர், அளவு போன்ற விவரங்களைத்தான் ஜர்னல் என்ற தன் குறிப்பேட்டில் குறித்துக் காப்பாற்றும். உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அது மெமரியிலிருந்து டிஸ்கில் இறங்குவதற்குள் கரண்ட் போனால், நோட்டில் பக்கங்கள் இருக்கும், எழுத்து இருக்காது. இப்படிப்பட்ட ஃபைலை ரிப்பேர் செய்து தருகிறேன் என்று காசு கேட்கும் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள். பூஜ்யத்திலிருந்து எதை மீட்பது?

என்னைக் காப்பாற்றியது ஆட்டோ சேவ்தான், அதுவும் அரைகுறையாக. சேவ் ஆகும்போது ஒரு நொடி திணறுகிறதே என்று நானே இடைவெளியை 30 நிமிடம் ஆக்கி வைத்திருந்தேன். மூன்று கேமராவையும் சேர்த்துத் தாலி கட்டும் இடத்தை வெட்டி முடித்தது சரியாக அந்த அரை மணி நேரத்தில். போச்சு.

இப்போது 5 நிமிடம், 50 பிரதிகள். ஸ்கிராட்ச் டிஸ்க் அமைப்பில் (ப்ரீமியர் தன் ஃபைல்களை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் இடம்) ஆட்டோ சேவை இன்னொரு டிஸ்குக்கு மாற்றிவிட்டேன், ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கும். தினமும் காலையில் வேலை தொடங்கும்போதே 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புது எண் போடுகிறேன். நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் எல்லாம் தனித்தனி ப்ராஜெக்ட். பென் டிரைவில் வைத்து நேரடியாக எடிட் செய்வதில்லை. யுபிஎஸ்ஸை மாதம் ஒருமுறை, எல்லாம் சேவ் செய்துவிட்டு, சுவிட்சை அணைத்துச் சோதிக்கிறேன்.

ஆட்டோ சேவும் இல்லையா? பார்ட்டிக்கு வாட்ஸப்பில் சாம்பிள் அனுப்பியிருப்பீர்களே, அதைத் தேடுங்கள். டைம்லைனில் அதைப் போட்டு 'சீன் எடிட் டிடெக்‌ஷன்' கொடுத்தால் ப்ரீமியரே வெட்டுகளைக் கண்டுபிடித்துத் துண்டாக்கும். 2020-இல் வந்த வசதி. டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறுவது) போட்ட இடங்களில் தடுமாறும், அதைக் கையால் சரிசெய்யுங்கள். பிறகு மேல் டிராக்கில் அசல் கிளிப்புகளை ஒவ்வொரு துண்டுக்கும் பொருத்திக்கொண்டே போங்கள். தாலி கட்டும் இடத்தை நான் அப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தேன். கரண்ட் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மாப்பிள்ளை கேட்டாரே என்று அனுப்பிய துண்டு அது.