பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், அம்மா

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். கலகலவென்று சிரிக்கிற பிள்ளை. நான்கு நாளாகத் திடீர் திடீரென்று வீறிட்டு அழுகிறான், காலை உதைக்கிறான், நாலு வாய் பால் குடித்துவிட்டுத் துப்புகிறான். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. கிளினிக்கில் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். கணவர் பல் முளைக்கிறது என்கிறார். மாமியார் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார், வசம்பு உரசித் தேனில் குழைத்துக் கொடுக்கிறார். நாத்தனார் பேச்சைக் கேட்டுப் பால்மாவை இரண்டு முறை மாற்றிவிட்டோம். எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஏழரைக்கு வீட்டுக்கு வரும்போது மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கையுறை காலுறை மாட்டி, பொட்டலம் மாதிரி என் கையில் கொடுத்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நாட்டு வைத்தியத்தை அவர் மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி? பிள்ளைக்கு எந்தப் பால்மா ஒத்துக்கொள்ளும்?
ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் மின்னஞ்சலைப் படித்த இரவே மூன்று வரியில் பதில் அனுப்பினேன். பிள்ளையின் துணி முழுவதையும் கழற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இன்றிரவே பொது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இதை அச்சுக்கு அனுப்பும்வரை உங்களிடமிருந்து பதில் வரவில்லை. போனீர்களா இல்லையா என்ற கவலையோடுதான் மற்றதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது பால்மாவைப் பற்றி, மாமியாரைப் பற்றி. எனக்கோ உங்கள் கடிதத்தில் 'பொட்டலம்' என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

அம்மா, உங்கள் மகனின் கால்விரல் பத்தையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த நான்கு நாளில் அவன் உடம்பில் துணியில்லாமல் ஒரு பத்து நிமிடம் உங்கள் மடியில் கிடந்தானா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கணவர், மாமியார், நாத்தனார், கிளினிக் டாக்டர் என்று நாலு பேர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை பார்த்ததாக ஒரு வரி இல்லை. டாக்டர்கூடச் சட்டையைத் தூக்கினார், அவ்வளவுதான். நீங்களும் பார்த்ததாக எழுதவில்லை. பொட்டலத்தை அப்படியே வாங்கி, அப்படியே தூங்க வைத்துவிட்டு, காலையில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2011ல் என் இளைய மகள் செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அவளுடைய பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். குளிப்பாட்டியது நான். மூன்று நாள் அழுதாள் அந்தப் பேத்தி. ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்றுப் போட்டேன். எனக்கு இடுப்பு வலி என்று பிள்ளையைத் தொட்டியில் உட்கார வைத்து நாலு குவளை தண்ணீர் ஊற்றித் துடைத்து எடுத்துவிடுவேன். ஊசி போடும் நாள் வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் எடை போடுவதற்கு மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த தாதி, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நான் கழற்றினேன். காலுறையை விட்டுவிட்டேன். அதையும் அவரே உருவினார்.

வலது காலின் மூன்றாம் விரல் கோவைப்பழம் மாதிரி சிவந்து வீங்கிப் பளபளவென்று நின்றது. அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம், கயிறு கட்டிய இடம் மாதிரி. கட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. மிஸ்ஸி விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிம்மா, அம்மாவோட தலைமுடி" என்றார். அங்கிருந்து நேராகப் பெரிய மருத்துவமனை. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து, வீங்கிய சதையை விலக்கி, ஒற்றை முடியை அறுத்து எடுத்தார். விரல் பிழைத்தது. அந்த மூன்று நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். உங்களுக்கும் கொட்டிக்கொண்டிருக்கும். அது காலுறைக்குள் விழும், துவைக்கும்போது துணியோடு பின்னிக்கொள்ளும். பிள்ளை உதைக்க உதைக்க விரலில் சுற்றிக்கொள்ளும். ஈரத்தில் முடி நீளும், காய்ந்ததும் சுருங்கி இறுகும். காலுறையின் உள்பக்கம் பிரிந்து தொங்கும் நூலும் இதே வேலையைச் செய்யும். கால்விரலில்தான் அதிகம் வரும். கைவிரலில் வரும், ஆண் குழந்தையின் குறியிலும் வரும். ரத்த ஓட்டம் நின்றுபோனால் விரலையே இழக்க வேண்டி வரும். முடி தெளிவாகத் தெரிந்து, நகத்தால் நீக்கினால் வந்துவிடும் என்றால் எடுங்கள். சதைக்குள் புதைந்திருந்தால் வீட்டில் பிளேடும் கத்தரியும் எடுக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கு வெயிலில் ஐந்து மாதப் பிள்ளைக்குக் காலுறை எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் பார்க்காமல் தெரியாது. கால்விரலில் தொடங்கி மேலே வாருங்கள். தொடையில், ஐந்தாம் மாத ஊசி போட்டிருந்தால், அந்த இடம் கட்டியாகச் சிவந்திருக்கிறதா? ஊசியின் நோவு இரண்டு நாளில் அடங்கிவிடும், நாளுக்கு நாள் கூடினால் காட்ட வேண்டும். அரையிடுக்கில், விதைப்பையில் புடைப்பு உண்டா? அழும்போது புடைத்துப் பிறகு உள்ளே போனால் குடலிறக்கமாக இருக்கலாம். உள்ளே போகாமல் கல்லாக நின்றால் அது அவசரம். கை கால் நாலையும் ஒரே மாதிரி ஆட்டுகிறானா, ஒன்றை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறானா? ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் அவன் நகமே கீறியிருக்கலாம். படுக்க வைத்ததும் அழுகை கூடி, பால் உறிஞ்சும்போது வீறிட்டால் காது வலியாக இருக்கலாம். வாயைத் திறந்து ஈறு, நாக்கு, மேலண்ணம் எல்லாம் பாருங்கள். வெள்ளைப் படலமோ கொப்புளமோ இருக்கலாம். நம் ஊரில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவாத வருடமே இல்லை. நாலு வாய் குடித்துவிட்டுத் துப்புகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாய் வலித்தால் எந்தப் பால்மா கொடுத்தாலும் துப்பத்தான் செய்வான்.

இன்னொன்று, இதைப் படிக்கும் எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துகிறது, முகம் வெளுக்கிறது, சில நிமிடத்தில் ஓய்ந்துவிடுகிறது, கால் மணி அரை மணி கழித்து மறுபடி அதே கத்தல் என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டால் அழுகை இப்படித்தான் விட்டு விட்டு வரும். ஐந்து மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் அதிகம் வருவது இது. பச்சையாக வாந்தி எடுப்பதும், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து போவதும் அப்புறம்தான் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது. பிள்ளை துவண்டுபோனாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ 999ஐக் கூப்பிடுங்கள்.

வாயு என்றார்கள் அல்லவா? கைக்குழந்தைகள் மாலையில் மணிக்கணக்காக அழும் அந்தத் தொல்லை பிறந்த சில வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் புதிதாக ஆரம்பிக்காது. பல் முளைத்தால் சிணுங்குவான், கையைக் கடிப்பான். நாலு நாள் வீறிடுவதைப் பல்லின் தலையில் கட்ட முடியாது. பால்மாவை நாலு நாளில் இரண்டு முறை மாற்றியது வீண் வேலை. பழைய மாவுக்கே திரும்புங்கள், டாக்டர் சொன்னால் மாற்றலாம்.

மாமியாரின் வைத்தியத்துக்கு வருகிறேன். தேன் கூடாது. ஒரு வயது வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகும் ஒரு கிருமி அதில் இருக்கலாம். வசம்பும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தைப் பிள்ளை மேல் தடவவே கூடாது. மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும், அது அவருடைய ஆறுதல். புகை மட்டும் பிள்ளை பக்கம் வராமல் இருந்தால் போதும்.

ஆனால் அந்த அம்மாவை நிறுத்துவது எப்படி என்று நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. காலையிலிருந்து இரவு ஏழரை வரை, சம்பளமில்லாமல், லீவில்லாமல், ஒரு கைக்குழந்தையைத் தூக்கிச் சுமக்கிறவர் அவர். நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, விரல் இடுக்கு, தொடை இடுக்கு, கழுத்து மடிப்பு, காதின் பின்புறம் என்று ஒவ்வொன்றாக நீவிக் குளிப்பாட்டுவார்கள். மூக்கில் ஊதுவதும் காதில் எண்ணெய் விடுவதும் தப்பு, அதை விட்டுத் தள்ளுங்கள். ஆனால் அந்தக் குளியலில் பிள்ளையின் உடம்பு முழுவதும் ஒரு கை தினமும் போய் வந்தது. ஒரு சின்ன வீக்கம்கூட அந்தக் கைக்குத் தப்பாது. முட்டி வலியும் மங்கிய கண்ணுமாக இருக்கும் ஒரு பாட்டி தனியாளாக அதைச் செய்ய முடியாது. நானே தவறினேன். அவருக்கு ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை யார்? உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு முறை வருகிறார், பல் முளைக்கிறது என்று சொல்வதற்கு. 2023லிருந்து சட்டப்படி தாய்க்கு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் விடுப்பு. அந்த ஏழு நாளோடு தகப்பன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டாரா? வேலையை விடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், இன்றைய விலைவாசியில் இரண்டு சம்பளம் வேண்டும். குளியலை மட்டும் பெற்றவர்கள் கையை விட்டுப் போக விடாதீர்கள். இரவு ஏழரைக்கு வெந்நீரில் குளிப்பாட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அவர் தாங்கிப் பிடிக்கட்டும், நீங்கள் விரல் விரலாகப் பாருங்கள். பாட்டி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். கழற்றிய காலுறை ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி விளக்கில் காட்டிப் பாருங்கள்.

இனி பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வைத்திருங்கள் என்று மாமியாரிடம் நீங்கள் போய்ச் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மாதானே.