பதில்: 12 வோல்ட் வீடியோ ரெக்கார்டருக்கு 20000 எம்ஏஎச் பவர் பேங்க் போதுமா?

வணக்கம் நண்பா, அடாப்டர்ல 12 வோல்ட் 1.5 ஆம்பியர்னு போட்டிருக்கு, வெளியில 6 மணி நேரம் தொடர்ந்து ரெக்கார்ட் பண்ணணும், 20000 எம்ஏஎச் பவர் பேங்க் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. தாங்காதுங்க.

அந்த 20000ங்கிறது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு, பெருக்கினா 74 வாட் ஹவர்தான், அதை 12 வோல்ட்டா மாத்தும்போது கொஞ்சம் வீணாப் போயிடும். உங்க ரெக்கார்டர் அதிகபட்சம் 18 வாட், ஓடும்போது 12 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கிட்டாலே 6 மணி நேரத்துக்கு 72 வாட் ஹவர் ஆச்சு, வீணாப் போனது போக மிச்சம் அவ்வளவு இருக்காது, பாதி வேலையில கரன்ட் கட்டானா அந்த ஃபைல் திறக்காமலே போக வாய்ப்பிருக்கு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதோட டைப் சி பவர் பேங்க் எல்லாமே 12 வோல்ட் தராது, சிலது 9லேர்ந்து நேரா 15க்குப் போயிடும்.

நான் சொல்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர், 128 வாட் ஹவர் வருது, தாராளம். ஆனா ஃபுல் சார்ஜ் ஏறுறப்போ 14.6 வோல்ட் வரைக்கும் போகும், சார்ஜரை எடுத்ததும் 13 சொச்சத்துக்கு இறங்கிடும், ரெக்கார்டர் அதைத் தாங்குமான்னு மேனுவல்ல பாருங்க, இல்லேன்னா நடுவுல வோல்ட்டை 12லயே நிறுத்துற ரெகுலேட்டர் ஒண்ணு போட்டே ஆகணும். பிளஸ் வயர்ல பேட்டரிக்குப் பக்கத்துலயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்க. ரெக்கார்டர்ல சொருகுற பவர் பின் 5.5க்கு 2.1 மில்லிமீட்டரா 2.5 மில்லிமீட்டரான்னு அளந்துட்டு வாங்குங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், லூசாயிருந்தா லேசா ஆடினாலே கட்டாகும்.

லெட் ஆசிட் பேட்டரி வேணாம், வெயிட்டும் ஜாஸ்தி, சார்ஜைப் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் போயிடும்.