அவன் கதை உங்களுக்கு எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் நாடகம் பயின்றவள். வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றில், ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் வாரம் இருமுறை நாடகப் பயிற்சி நடத்துகிறேன். முடிவில் வெளியாட்கள் பார்க்க ஒரு நிகழ்ச்சி உண்டு. அதில் ஒவ்வொருவனும் தன் கதையைத் தானே எழுதி நடிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் திட்டம். எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒருவன் மட்டும் எழுதவும் மாட்டேன், நடிக்கவும் மாட்டேன் என்கிறான். சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனை எப்படி மனம் திறக்க வைப்பது? கலையால் இவர்கள் திருந்துவார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், என்ன சொல்வது? நிகழ்ச்சியைப் படமெடுக்கவும் போகிறார்கள். சான்றிதழில் போட ஒரு நல்ல வாசகமும் வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தோழிக்கு,

கொஞ்ச நாளாக மனதில் கிடந்த விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. பையைச் சோதித்து, பூட்டைத் திறந்து உள்ளே விட்டு, மறுபடி பூட்டிக்கொள்ளும் இடத்துக்கு வாரம் தவறாமல் போய்வருகிறீர்கள். எல்லோராலும் முடிகிற வேலை இல்லை. அதற்கு என் அன்பு. இனி திட்டு.

அவனை ஏனம்மா மனம் திறக்க வைக்க வேண்டும்?

அவன் கதையைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறீர்களா? பிடித்த அன்றே காவலர் கேட்டிருப்பார். அப்புறம் வழக்கறிஞர், மருத்துவர், நன்னடத்தை அலுவலர், மனநல ஆலோசகர், நீதிபதி. ஒவ்வொருவரும் அவன் சொன்னதைத் தங்கள் சொற்களில் எழுதிக்கொண்டார்கள். அவன் சொல்லச் சொல்லக் கோப்புதான் தடித்தது. வாயைத் திறந்தால் ஏதாவது வந்து சேரும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் அவன். நீங்கள் வட்டமாக உட்காரவைத்து, மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டு, அதே கேள்வியை இனிமையாகக் கேட்கிறீர்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு வழக்கு முடிந்திருக்கிறது? இப்படிப்பட்ட இல்லங்களில் விசாரணை முடியாமலே காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த நிலையில் இருப்பவன் வெளியாட்கள் முன்னால் ‘நான் செய்த தவறு’ என்று நடித்துக் காட்டினால் அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்து ஒப்புதல் வாக்குமூலம். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 40ஆம் பிரிவு. எடுத்துப் படியுங்கள். நிரூபணமாகும்வரை அந்தக் குழந்தை நிரபராதி. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் அதன் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். காவல் நிலையத்தில் செய்யக் கூடாது என்று உலகமே கூடி எழுதிவைத்த ஒன்றை நாடகப் பட்டறையில் கைதட்டலோடு செய்யலாமா?

பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? அமெரிக்காவில் இளைஞர்கள் எழுதிய ராப் பாடல் வரிகளை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தது. பாட்டில் ‘நான்’ என்று வந்தால் பாடியவனே செய்தான் என்று படித்துக் காட்டினார்கள். இது பெருகிப்போய், கலைப் படைப்புகளைச் சாட்சியமாக்குவதற்குக் கட்டுப்பாடு விதித்து 2022இல் கலிஃபோர்னியா மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. உங்கள் பையன்கள் எழுதிய தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன? யாருடைய அலமாரியில்? திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாக அவற்றை வாங்கி, எழுதியவன் கையிலேயே கொடுங்கள். வைத்துக்கொள்வதும் கிழித்துப்போடுவதும் அவன் பாடு.

விரும்பி எழுதுபவனைத் தடுக்கச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு எழுதினால்தான் தூக்கம் வரும். ஆனால் திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக எழுதியவன் எத்தனை பேர், நல்ல பெயர் வாங்கினால் சீக்கிரம் வெளியே விடுவார்கள் என்று எழுதியவன் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பூட்டிய கதவுக்கு உள்ளே கேட்கப்படும் சம்மதம் லேசில் நம்பக்கூடியது இல்லை.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நான் போயிருக்கிறேன். ஒரு பையன் தன் கதையைச் சொல்லி முடித்தான். சிறப்பு விருந்தினர் மேடையேறி, தோளில் கைபோட்டு, ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டி, “இப்போ எப்படிப்பா இருக்கு?” என்றார். “திருந்திட்டேன் சார்” என்றான் பையன். கூடம் அதிர்ந்தது. அவனைக் கவனித்தேன். கைதட்டல் முடியும்வரை நிற்கச் சொன்ன இடத்தில் அப்படியே நின்றான், வரிசையில் நின்று பழகியவன் நிற்பதுபோல.

வேறொரு இல்லத்தில் ஒத்திகை பார்த்தது இதற்கு நேர்மாறு. அங்கே பயிற்சியாளர் யாருடைய கதையையும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு இடம், அங்கே நாலு பேர், நடித்துக் காட்டுங்கள் என்றார். அவர்களாகவே நீதிமன்றத்தை எடுத்துக்கொண்டார்கள். குற்றவாளியாக நடிக்க ஒருவனும் வரவில்லை. நீதிபதி வேடத்துக்குத்தான் அடிதடி. கடைசியில் இருப்பதிலேயே ஒல்லியான ஒருவனுக்கு அது கிடைத்தது. கோப்புக்கு ஒன்றும் இல்லாததால் இடது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டான். தலையே நிமிரவில்லை. “பேரு?” என்றான் உள்ளங்கையைப் பார்த்து. “வயசு?” விரலை எச்சில் தொட்டு இல்லாத பக்கத்தைப் புரட்டினான். எதிரே நின்றவன் வாய் திறந்து இரண்டாவது சொல் வருவதற்குள் “அடுத்தது” என்றான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. வாசலில் நின்ற காவலரும் சிரித்தார். அந்த ஒல்லிப் பையன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை முறை அந்த மேசைக்கு எதிரே நின்றிருந்தால் அந்த எச்சில் தொடும் விரல்வரை பிடித்திருப்பான்! கலை அங்கே நடந்தது. அதற்குச் சிறப்பு விருந்தினர் யாரும் வரவில்லை.

உங்கள் பையன்களுக்கு வேறு ஆட்களைக் கொடுங்கள். ராஜா, கஞ்சன், பேய், பொய் சொல்லும் கிழவன், யாராக இருந்தாலும் சரி. நாள் முழுக்க ‘அந்த வழக்குப் பையன்’ஆகவே இருந்து அலுத்தவனுக்கு ஒரு மணிநேரம் இன்னொருவனாக இருக்கக் கிடைப்பது சின்ன விஷயமா?

ஆதாரம் கேட்கிறார்களா? கேட்கட்டும். இந்தத் துறை ஆய்வுகளில் பலவற்றில் ஆட்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்காது, கொஞ்ச காலத்தோடு பின்தொடர்வதும் நின்றுவிடும். தன்னம்பிக்கை கூடியது என்று சொல்வது எளிது, குற்றம் குறைந்தது என்று அடித்துச் சொல்வது கஷ்டம். எனக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கும்போது, இதனால் அவன் திருடாமல் இருப்பானா என்று எவரும் கேட்பதில்லை. அதே உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, கலையில் பங்குகொள்வதை எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய உரிமை என்கிறது. அதை நடத்தைக்குக் கூலியாகக் கொடுக்கச் சொல்லவில்லை.

படமெடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கூடாது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. முகத்தை மங்கலாக்கிவிடுவோம் என்பார்கள். குரலை என்ன செய்வார்கள்?

சரி, சுவரோரப் பையன். சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார்களுக்காக ஐ.நா. 1990இல் ஏற்ற விதிகளை ஹவானா விதிகள் என்பார்கள். அதன் 47ஆம் விதி, தினமும் ஓய்வு நேரம் கொடுத்து, அதில் ஒரு பகுதியைக் கலைக்கும் கைவினைக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அங்கேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அந்தச் சிறார் விரும்பினால். அவன் விரும்பவில்லை, அவ்வளவுதான். திரை இழுக்கவோ வசனம் எடுத்துக்கொடுக்கவோ ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் உட்காரட்டும். பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது போதாதா?

சான்றிதழ் வாசகம் கேட்டிருந்தீர்கள். பெயர், நாடகப் பயிற்சி முடித்தார், தேதி, உங்கள் கையெழுத்து. இல்லத்தின் பெயர் அதில் எங்கும் வரக் கூடாது, முத்திரைகூடக் கூடாது. இருந்தால் அதை அவன் வெளியே ஒருவரிடமும் காட்ட முடியாது. நிறுவனத்தின் பெயரிலேயே விஷயம் தெரிந்துவிடும் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு எழுதும் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.